கோடையில் விடைபெறும் பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசியில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும்போது ஊரே பேசுகிறது. மாசிக்கும் வைகாசிக்கும் இடையில் அவை திரும்பிப் போவதைக் கவனிப்பவர்கள் மிகக் குறைவு. ஏரிக்கரைக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் ஆண்டுதோறும் இந்த மாதங்களில் என்னிடம் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டையும் பாக் நீரிணைக்கு அப்பால் இருக்கும் வட இலங்கையையும் மனத்தில் வைத்து எழுதியவை.

வலசைப் பறவைகள் குளிர்காலத்தில்தானே வரும்? மார்ச், ஏப்ரலில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஜூலை கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை சிறுகச் சிறுக வந்து சேரும் பறவைகள், பிப்ரவரி நடுவிலிருந்து மே நடுவுக்குள் கிளம்பிப் போய்விடுகின்றன. வருவதைவிடப் போவதில் அவசரம் அதிகம். வடக்கே கூடு கட்டுவதற்கு நல்ல இடம் பிடிக்க வேண்டும், அங்கே கோடை குறுகியது, பிந்தினால் குஞ்சு வளர்க்க நாள் போதாது.

இந்த அவசரத்தால் நமக்குப் பல காட்சிகள் கிடைக்கின்றன. குளிர்காலம் முழுவதும் மங்கலாகத் திரிந்த உள்ளான்கள், அதாவது சேற்றில் இரை குத்தும் சிறு கரைப்பறவைகள், நிறம் மாறுகின்றன. ஆறு மாதம் ‘டக், டக்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த கதிர்க்குருவிகள் பாடிப் பார்க்கின்றன. இலங்கையில் குளிர்காலத்தைக் கழித்த பறவைகள் நம் கடற்கரையில் ஓரிரு நாள் இறங்கி இளைப்பாறுகின்றன. பறவை பார்க்கத் தொடங்குபவர்களிடம் டிசம்பரோடு நிறுத்திவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எது முதலில் போகும், எது கடைசியில் போகும்?

நாளைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பொதுக் கணக்கு உண்டு: எந்தப் பறவையின் ஊரில் பனி முதலில் விலகுகிறதோ, அது பெரும்பாலும் முதலில் கிளம்பும். வாத்துகள் முன்னால் போகின்றன. ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் பிப்ரவரி கடைசியிலேயே குறையத் தொடங்கும். நீலச்சிறகி சற்றுப் பொறுத்து, ஏப்ரலில்கூடச் சில ஏரிகளில் மிதந்துகொண்டிருக்கும். வரித்தலை வாத்துகள் பெரும்பாலும் மார்ச்சில் மறைந்துவிடும். நீலகிரியில் தங்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் அந்த வாக்கில்தான் இமயத்துக்குத் திரும்புகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் புல்வெளிகளின் மேல் தாழப் பறந்து இரைதேடும் பூனைப்பருந்துகள் மார்ச், ஏப்ரலில் கஜகஸ்தான் போன்ற நாடுகளின் புல்வெளிகளை நோக்கிப் போய்விடுகின்றன.

அடுத்த வரிசை தோட்டத்துப் பறவைகள். சூறைக்குருவிக் கூட்டங்கள் ஏப்ரலில் கலைகின்றன. பழுப்புக் கீச்சானும் பிளைத் நாணல் கதிர்க்குருவியும் ஏப்ரல் கடைசிவரை இருக்கும். ஆறுமணிக் குருவியும் அப்படித்தான்.

கடைசியில் போவது ஆர்க்டிக் துந்திரத்தில், அதாவது வடகோடியின் மரமற்ற பனிவெளியில், குஞ்சு பொரிக்கும் கரைப்பறவைகள். வளைமூக்கு உள்ளானும் கொசு உள்ளானும் கூடு வைக்கும் சைபீரிய மண் ஜூன் மாதத்தில்தான் பனியிலிருந்து வெளிப்படுகிறது. முன்னால் போனால் அங்கே உண்ண எதுவும் கிடைக்காது. அதனால் அவை மே முதல் பாதிவரை நம் உப்பளங்களில் நின்று உண்டு கொழுக்கின்றன.

நம் ஊர் வெயில் தாங்க முடியாமல்தான் போகின்றனவா?

அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் ஊசிவால் வாத்து கிளம்பும் பிப்ரவரியில் நமக்கே இரவில் போர்வை தேவைப்படுகிறது. மே மாதம் 38, 40 டிகிரி வெயிலில் வளைமூக்கு உள்ளான் சேற்றைக் குத்திக்கொண்டு நிற்கிறது. வெயில்தான் காரணம் என்றால் இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

பறவையின் உடலுக்குள் ஓர் ஆண்டுக் கடிகாரம் இருக்கிறது. மாறாத வெளிச்சத்தில் கூண்டில் வைத்து வளர்த்த வலசைப் பறவைகள்கூட உரிய பருவத்தில் இரவெல்லாம் அமைதியின்றிச் சிறகடித்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கடிகாரத்தைச் சரிசெய்து கொடுப்பது பகலின் நீளம். சென்னையில் டிசம்பர் கடைசியில் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம், ஜூன் கடைசியில் சுமார் 12 மணி 55 நிமிடம். நமக்குப் பெரிதாகத் தெரியாத இந்த வேறுபாடு பறவைக்குப் போதும். பகல் நீள நீள ஹார்மோன்கள் மாறுகின்றன, பசி கூடுகிறது, தோலுக்கடியில் கொழுப்பு சேர்கிறது. நெடுந்தூரம் பறக்கும் கரைப்பறவைகளில் சில, கிளம்பும் முன் தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன.

ஏரி வற்றுவதும் ஒரு காரணம்தான், ஆனால் இரண்டாவது காரணம். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய கண்மாய் மார்ச்சில் வற்றினால் வாத்துகள் அருகிலுள்ள ஆழமான நீர்நிலைக்கு இடம் மாறும். அதை வலசை கிளம்பிவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

மொட்டை மாடியில் தண்ணீரும் தானியமும் வைத்தால் வலசைப் பறவைகள் போகாமல் தங்கிவிடுமா? அதனால் கெடுதல் வருமா?

தங்காது. மேலே சொன்ன கடிகாரம் உங்கள் கிண்ணத்தைப் பார்த்து ஓடுவதில்லை. தவிர, நம் தோட்டத்துக்கு வரும் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை பூச்சி தின்பவை. கீச்சானும் கதிர்க்குருவியும் தானியத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தண்ணீர் வையுங்கள், தினமும் மாற்றுங்கள். மைனாவுக்கும் சின்னானுக்கும் அணிலுக்கும் நிச்சயம் உதவும்.

வலசைப் பறவைக்கு உண்மையில் உதவ விரும்பினால், ஏப்ரல் முடியும்வரை வேலியோரப் புதரையும் உதிர்ந்த சருகையும் அப்படியே விட்டுவையுங்கள், பூச்சிமருந்து அடிக்காதீர்கள். ஆறுமணிக் குருவி சருகைப் புரட்டித்தான் இரை தேடுகிறது. பயணத்துக்கு முந்தைய வாரங்களில் அதற்கு வேண்டியது புழுவும் பூச்சியும்.

வேடந்தாங்கலுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வந்து கூடு கட்டுகின்றன என்று ஆண்டுதோறும் படிக்கிறேனே?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. வேடந்தாங்கலில் கூடு கட்டும் கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா எல்லாம் நம் துணைக்கண்டத்துப் பறவைகள். மழை பெய்து நீர்நிலைகள் நிரம்பும்போது பல பக்கங்களிலிருந்தும் வந்து கூடி, குஞ்சு பெரிதானதும் கலைந்து போகின்றன. இதை உள்நாட்டு வலசை என்று சொல்லலாம். திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களில் கூடு வைக்கும் நாரைகளுக்கும் கூழைக்கடாக்களுக்கும் இது பொருந்தும்.

நினைவில் வைத்துக்கொள்ள எளிய வழி ஒன்று: வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் பறவைகள் இங்கே கூடு கட்டுவதில்லை. கூட்டில் முட்டையோ குஞ்சோ பார்த்தால் அது நம் ஊர்ப் பறவை. வேடந்தாங்கல் ஏரியில் மிதக்கும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் உண்மையான வெளிநாட்டு விருந்தாளிகள். ஆனால் மரம் நிறைய வெள்ளையாகத் தெரியும் கூட்டத்தின் அழகில் அவற்றை யாரும் கண்டுகொள்வதில்லை.

உள்ளூர்ப் பறவை என்றால் மதிப்புக் குறைவு என்ற எண்ணம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் ஏரிப் பறவைகளைச் சுடவிடாமல் காத்து, 1790களிலேயே செங்கல்பட்டு ஆட்சியரிடமிருந்து அதற்கு எழுத்து வாங்கியவர்கள். பறவை எந்த நாட்டிலிருந்து வந்தது என்று பார்த்து அவர்கள் காக்கவில்லை.

பூநாரையும் வெளிநாட்டுப் பறவை இல்லையா?

நம் கடற்கரைக்கு வரும் பெரும் பூநாரைகளுக்குத் தெரிந்த கூடுகட்டும் இடங்களில் முக்கியமானது குஜராத்தின் உப்புச் சதுப்பு வெளியான கட்ச் ரண். அங்கே நீர்மட்டம் சரியாக அமையும் ஆண்டுகளில் கூட்டமாகக் கூடு வைக்கின்றன. இவை நாட்காட்டி பார்த்துப் போகும் பறவைகள் அல்ல. நீரின் ஆழமும் உப்பும் இரையும் ஒத்துவரும்வரை இருக்கும். கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் கோடையில்கூடச் சில கூட்டங்களைப் பார்க்க முடிவது அதனால்தான்.

கோடையில் மட்டும் குயில் கூவுகிறது. அது அப்போதுதான் வலசை வருகிறதா?

இல்லை. குயில் ஆண்டு முழுவதும் உங்கள் தெருவிலேயே இருக்கிறது. காகம் கூடு கட்டும் பருவத்தில் அதற்கும் இனப்பெருக்கக் காலம் என்பதால் குரல் கொடுக்கிறது, மற்ற மாதங்களில் இலைக்குள் அமைதியாகப் பழம் தின்கிறது. கேட்கவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. இந்தப் பாடம் பின்னால் வேறொரு கேள்விக்கும் உதவும்.

மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருப்பது தகைவிலானா, பனை உழவாரனா?

கம்பியில் உட்கார்ந்தால் அது உழவாரன் இல்லை. உழவாரனின் கால்கள் செங்குத்தான பரப்பைப் பற்றித் தொங்குவதற்கு ஏற்றவை. பனையோலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், கம்பியில் அமராது. பனை உழவாரன் ஆண்டு முழுவதும் நம்மோடு இருப்பது.

கம்பியில் இருப்பது தகைவிலான் என்றால், நெற்றியும் தொண்டையும் செம்பழுப்பாக, கீழே கருநீலப் பட்டையோடு இருக்கிறதா என்று பாருங்கள். அதுவே வடக்கிலிருந்து வரும் தகைவிலான், ஏப்ரலில் குறைந்து மே மாதத்தில் அரிதாகிவிடும். செம்மஞ்சள் உச்சியும் தூய வெள்ளை வயிறும் வாலில் இரண்டு மெல்லிய கம்பிகளும் தெரிந்தால் அது கம்பிவால் தகைவிலான், ஆற்றுப் பாலங்களுக்கு அடியில் கூடு கட்டும் உள்ளூர்ப் பறவை.

எங்கள் வீட்டு மாடியில் வாலாட்டிக் குருவி மே மாதத்திலும் இருக்கிறதே, வலசை போகவில்லையா?

கண்ணுக்கு மேல் அகலமான வெள்ளைப் புருவமும் கருத்த முதுகும் இருந்தால் அது வெண்புருவ வாலாட்டி. இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்வது, மாடித் தொட்டி ஓரங்களில் கூடுகூடக் கட்டும். வலசை வருபவை வேறு. முகமே வெள்ளையாக இருக்கும் வெள்ளை வாலாட்டியும், வயிறு மஞ்சளான சாம்பல் வாலாட்டியும் ஏப்ரலுக்குள் போய்விடும். மலையோரத் தோப்புகளுக்கு வரும் கொடிக்கால் வாலாட்டியை அடையாளம் காண நிறம்கூடத் தேவையில்லை. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது பக்கவாட்டில் அசைக்கும்.

போன மாதம் சாம்பல் நிறத்தில் இருந்த உள்ளான்கள் இருந்த இடத்தில் இப்போது செங்கல் நிறத்தில் நிற்கின்றன. வேறு இனம் வந்துவிட்டதா?

அதே பறவைகள்தான் புதுச் சட்டை போட்டிருக்கின்றன. கரைப்பறவைகள் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை உடல் இறகுகளை உதிர்த்து இனப்பெருக்க கால இறகுகளை வளர்க்கின்றன. வளைமூக்கு உள்ளானை மார்ச் நடுவில் தொலைநோக்கியில் நிதானமாகப் பாருங்கள். வெளிர் சாம்பல் மார்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செம்புள்ளிகள் தெரியும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அவை திட்டுகளாகியிருக்கும். ஏப்ரல் கடைசியில் கழுத்திலிருந்து வயிறுவரை செங்கல் சிவப்பு, முதுகில் கருப்பும் பழுப்பும் வெள்ளையும் கலந்த கோலம். ஒரே கூட்டத்தில் எல்லா நிலைகளும் அருகருகே நிற்பதால் பல இனங்கள் போலத் தோன்றும். அப்போது நிறத்தை விட்டுவிட்டு அலகின் வளைவையும் காலின் நீளத்தையும் பாருங்கள், அவை மாறுவதில்லை.

பொன் உப்புக்கொத்தியின் மாற்றம் இன்னும் கண்ணைப் பறிக்கும். முகத்திலிருந்து வயிறுவரை கன்னங்கரேலென்று ஆகி, அந்தக் கருப்புக்கும் பொற்புள்ளி முதுகுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடும். மணல் உப்புக்கொத்திக்கு மார்பில் காவிப் பட்டையும் கண்ணைச் சுற்றிக் கருப்பு முகமூடியும் வரும். கருவால் மூக்கனின் கழுத்து செம்மண் நிறமாகும்.

சூறைக்குருவி இதே வேலையை இறகு உதிர்க்காமல் செய்கிறது. குளிர்காலத்தில் அதன் இறகு நுனிகள் மங்கிய பழுப்பு நிறம். அந்த நுனிகள் தேய்ந்து போகப் போக, உள்ளே இருந்த இளஞ்சிவப்பும் பளபளக்கும் கருப்பும் வெளியே தெரிகின்றன. கிளம்பும் காலத்தில் அந்தக் கூட்டத்தைப் பார்க்காமல் விட்டவர்கள் அதன் உண்மையான நிறத்தைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

ஏப்ரல் மாதத்தில் எங்கே போய்ப் பார்க்கலாம்?

சென்னைக்காரர்களுக்குக் கேளம்பாக்கம் உப்பங்கழி அருகிலேயே இருக்கிறது. நீர் வற்றிச் சேற்றுத்திட்டுகள் வெளிப்படும் காலம் அது, மேலே சொன்ன நிறமாற்றங்களைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். பள்ளிக்கரணையிலும் பழவேற்காட்டிலும் உள்ளான்கள் கிடைக்கும். தெற்கே தனுஷ்கோடியும் மன்னார் வளைகுடாக் கரைகளும், இலங்கையில் மன்னார்த் தீவும் அதன் எதிரே உள்ள வங்காலையும் கரைப்பறவைகளுக்கும் கடற்காகங்களுக்கும் பேர்போனவை. மன்னாரில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரைவரை போய் வந்திருக்கின்றன.

காலை 9 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் கானல் எழுந்து தொலைநோக்கியில் எல்லாம் நெளியும், இனம் பிரிப்பது வீண் முயற்சி. அலை ஏறும் நேரத்தைத் தெரிந்துகொண்டு போனால் இன்னும் நல்லது, சேறு மூழ்கும்போது பறவைகள் கரையோரமாக நெருங்கி நிற்கும்.

கோடியக்கரையை மட்டும் ஏன் இவ்வளவு சொல்கிறார்கள்?

வரைபடத்தைப் பார்த்தால் புரியும். தமிழ்நாட்டுக் கரை வளைந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மூலை அது. எதிரே யாழ்ப்பாணக் கரை சுமார் 60 கிலோமீட்டர். இலங்கையில் குளிர்காலத்தைக் கழித்த ஆறுமணிக் குருவியோ கதிர்க்குருவியோ வடக்கே திரும்பும்போது முதலில் கால் வைக்கக்கூடிய நிலங்களில் ஒன்று. அங்கே உலர் பசுமைமாறாக் காடும், அதை ஒட்டியே உப்பளமும் சேற்றுவெளியும் இருப்பதால் காட்டுப் பறவைக்கும் கரைப்பறவைக்கும் ஒரே இடத்தில் இரை கிடைக்கிறது. கோடையில் பாலைமரம் பழுப்பதால் பழம் தின்னும் பறவைகளுக்கும் இரை உண்டு.

1967இல் சரணாலயமான கோடியக்கரை, 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமானது, அதாவது பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது. பறவையியலாளர் சாலிம் அலி காலத்திலிருந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. உள்ளான்களின் பயணம் பற்றி நாம் இன்று உறுதியாகப் பேசுவதில் பெரும் பங்கு அந்த உப்பளச் சேற்றில் இரவிரவாக வலை கட்டியவர்களின் உழைப்பு.

அவை கிளம்பிப் போவதைக் கண்ணால் பார்க்க முடியுமா, அல்லது ஒரு நாள் காணாமல் போவதுதானா?

பெரும்பாலும் காணாமல்தான் போகும். கதிர்க்குருவி, கீச்சான் போன்ற சிறு பறவைகள் இருட்டிய பிறகு தனித்தனியே கிளம்புகின்றன. இரவில் காற்று அமைதி, குளிர்ச்சி, வல்லூறு பயமும் குறைவு. வழிக்கு விண்மீன்களும் பூமியின் காந்தப்புலமும் உதவுகின்றன.

கரைப்பறவைகளை மட்டும் வாய்ப்பிருந்தால் பார்க்கலாம். ஏப்ரல் கடைசியில் வெயில் தாழும் நேரம் உப்பளக் கரையில் பொறுமையாக நில்லுங்கள். ஒரு கூட்டம் மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே பக்கம் பார்த்து நிற்கும். குரல் கூடும். திடீரென எழுந்து வட்டமிட்டு, சில திரும்பி இறங்கிவிடும். மிச்சமிருப்பவை கூவிக்கொண்டே உயர்ந்து, வளைந்த கோடாக அணிவகுத்து, வடக்கே சிறுத்துப் போகும். சாதாரணமாக இடம் மாறும் கூட்டம் தாழ்வாகப் பறந்து எங்கோ இறங்கும், இது இறங்காது.

வரித்தலை வாத்து எவரெஸ்டுக்கு மேலே பறந்து போகிறது என்பது உண்மையா?

இமயமலையைக் கடப்பது உண்மை. ஆனால் சிகரத்தின் மேல் பறப்பது அதன் வழக்கம் அல்ல. கருவி பொருத்திக் கண்காணித்ததில் பெரும்பாலும் பள்ளத்தாக்குகளையும் கணவாய்களையும் ஒட்டியே போவதும், தேவைப்பட்டால் 7,000 மீட்டருக்கு மேலும் எழுவதும் தெரிந்தது. உயரத்தில் கிடைக்கும் கொஞ்சம் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும் வகையில் அதன் இரத்தத்தின் ஹீமோகுளோபின் அமைந்திருக்கிறது. கூந்தன்குளத்திலும் அரியலூர் கரைவெட்டியிலும் வயலில் மேய்ந்த அதே வாத்து, திபெத் அல்லது மங்கோலியாவின் ஏரிகளில் முட்டையிடும். இந்தச் செய்திக்கு எவரெஸ்டைச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை.

காலில் வளையமோ கழுத்தில் பட்டையோ பார்த்தால் யாரிடம் சொல்வது?

முதலில் படம் எடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. பிறகு நிறம், எழுத்து, எண், எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா என்று அங்கேயே நின்று எழுதுங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் இடதும் வலதும் மாறிவிடும். தேதியும் இடமும் சேர்த்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பலாம். அவர்களுடைய உலோக வளையத்திலேயே கழகத்துக்குத் தெரிவிக்கும்படி ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை கட்டிய வரித்தலை வாத்துகளைத் தென்னிந்திய ஏரிகளில் பார்த்துச் சொன்னவர்கள் பலர் ஆர்வலர்களே. பட்டையைப் படிப்பதற்காகப் பறவையை விரட்டாதீர்கள். கொழுப்பு சேர்க்கும் வாரங்களில் ஒவ்வொரு முறை எழுந்து பறப்பதும் அதற்கு இழப்பு.

வீட்டுக்குள் ஒரு வண்ணக் குருவி வந்து விழுந்துவிட்டது. என்ன செய்வது?

பச்சை முதுகு, கண்ணில் கருப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு, குட்டை வால் என்றால் ஆறுமணிக் குருவி. இரவில் பயணம் செய்யும்போது விளக்கொளியில் குழம்பி, கண்ணாடியில் மோதி விழுவது வழக்கம். காற்றுத் துளை இட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சில மணி நேரத்தில் துறுதுறுப்பாகிவிட்டால், மாலை வெளிச்சம் இருக்கும்போதே புதருக்கு அருகில் பெட்டியைத் திறந்து விலகிவிடுங்கள். சிறகு தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறது என்று கூண்டில் வைப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கடைசியாகப் பார்த்த நாளை எழுதுங்கள் என்கிறீர்கள். அது கடைசி நாள் என்று அன்றைக்கே எப்படித் தெரியும்?

தெரியாது. அதனால்தான் இந்தப் பதிவு இவ்வளவு அரிதாக இருக்கிறது. முதல் கீச்சானைப் பார்த்ததும் மகிழ்ச்சியில் எழுதிவிடுகிறோம். கடைசிக் கீச்சான் எந்தச் சத்தமும் இல்லாமல் போய்விடுகிறது. ஒரே வழி, ஒரே இடத்தை ஒரே நேரத்தில் தொடர்ந்து பார்ப்பதும், பார்க்காத நாளையும் ‘இல்லை’ என்று எழுதுவதும்தான். ஏப்ரல் 22 வரை தினமும் இருந்தது, அதன்பின் பத்து நாள் தேடியும் இல்லை என்ற குறிப்புக்கு மதிப்பு உண்டு. ஏப்ரல் 22இல் பார்த்தேன், பிறகு போகவே இல்லை என்றால் அது கிளம்பிய நாளைப் பற்றி எதுவும் சொல்லாது.

குயில் பற்றிச் சொன்னது இங்கே பொருந்தும். குரலை வைத்து மட்டும் கவனித்தால், பறவை மௌனமாகிவிட்டதைக் கிளம்பிவிட்டதாக எழுதிவிடுவோம். நேரம் ஒதுக்கிக் கண்ணாலும் தேட வேண்டும். பெரிய ஏரி தேவையில்லை. வீட்டு முருங்கை மரமும் கால் மணி நேரமும் போதும்.

பருவநிலை மாற்றத்தால் பறவைகள் முன்கூட்டியே கிளம்புகின்றனவா?

ஓர் ஊரில் ஓர் ஆண்டு கண்டதை வைத்து இதற்குப் பதில் சொல்லக் கூடாது. ஐரோப்பாவில் பல பத்தாண்டுக் குறிப்புகள் இருக்கின்றன. அங்கே பல இனங்கள் வசந்தத்தில் முன்பைவிட முன்னதாக வந்து சேர்வது தெரிகிறது. நெதர்லாந்தில் ஓர் ஈப்பிடிப்பான் இனம் வந்து குஞ்சு பொரிப்பதற்குள் கம்பளிப்புழுக்கள் மிகுந்திருக்கும் நாட்கள் கடந்துவிட்டதால், சில காடுகளில் அதன் எண்ணிக்கை பெரிதும் சரிந்தது. ஆப்பிரிக்காவில் இருக்கும் பறவை பகல் நீளத்தைப் பார்த்துக் கிளம்புகிறது, நெதர்லாந்தின் புழு வெப்பத்தைப் பார்த்து வெளிவருகிறது. இரண்டு கடிகாரங்களும் விலகிப்போவதே சிக்கல். நம் பறவைகளைப் பற்றி இப்படிப் பேச, முந்தைய கேள்வியில் சொன்ன வகைக் குறிப்புகள் பல ஊர்களிலிருந்து பல ஆண்டுகளுக்கு வேண்டும்.

பறவைப் பதிவுகளுக்கான இணையதளமான இ-பேர்டில் மே கடைசியில் நீலச்சிறகி என்று பதிந்தேன். உறுதிப்படுத்தச் சொல்கிறது. என்னை நம்பவில்லையா?

உங்களை யாரும் சந்தேகிக்கவில்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் வழக்கமான எண்ணிக்கை அதில் வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டினால் தானாகக் கேள்வி வரும், பிறகு உள்ளூர் பறவையியலில் பழகிய தன்னார்வலர் ஒருவர் பார்ப்பார். எதை வைத்து இனம் கண்டீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள், படம் இருந்தால் சேர்த்துவிடுங்கள். காயம்பட்ட வாத்து தங்கிப்போவது உண்டு, ஆகவே உங்கள் பதிவு சரியாகவும் இருக்கலாம். கேள்வி வருகிறதே என்று பதிவை நீக்கிவிடுவதுதான் தவறு.

ஜூனில் உப்பளத்தில் உள்ளான்கள் நிற்கின்றன. எல்லாம் போய்விடும் என்றீர்களே?

எல்லாமே போவதில்லை. கரைப்பறவைகள் பலவற்றில் முதல் வயதுப் பறவைகளுக்கு இனப்பெருக்க வயது வந்திருக்காது. அவ்வளவு தூரம் போய் வருவதில் அவற்றுக்குப் பயன் இல்லை என்பதால் தெற்கிலேயே கோடையைக் கழிக்கின்றன. கோடியக்கரையிலும் மன்னார் வளைகுடாவிலும் ஜூனில் காணும் உள்ளான், உப்புக்கொத்திக் கூட்டங்களில் பெரும்பகுதி இவையே. மீன் பிடித்துண்ணும் வேட்டைப் பறவையான விராலடிப்பானின் இளம் பறவைகளும் இப்படித் தங்கும். ஏப்ரலில் நிறம் மாறாமல் மங்கலாகவே நின்ற உள்ளான்களை நினைவில் வைத்திருந்தால், ஜூனில் நிற்பவை பெரும்பாலும் அவைதான்.

ஜூலை கடைசியில் பார்த்த வளைமூக்கு உள்ளான் தங்கிவிட்டதா, போய்த் திரும்பியதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இறகைப் பார்த்தால் தெரியும். துந்திரத்தில் இவற்றின் குடும்ப வாழ்க்கை மிகக் குறுகியது. வளைமூக்கு உள்ளானில் முட்டையிட்டு முடித்ததும் ஆண்கள் கிளம்பிவிடும், பெண்கள் பின்னால் வரும், குஞ்சுகள் கடைசியில் தாமாகவே வழி கண்டு வரும். ஆகவே ஜூலை கடைசியில் மார்பிலும் வயிற்றிலும் செங்கல் சிவப்பு மிச்சமிருந்து, இடையிடையே வெள்ளை எட்டிப்பார்த்தால் அது போய்த் திரும்பிய முதிர்ந்த பறவை. சிவப்பே இல்லாமல், இறகு நுனிகள் நைந்து வெளிறி இருந்தால் முந்தைய பதிலில் சொன்ன தங்கிவிட்ட இளம் பறவை.

ஆகஸ்ட் கடைசிக்குப் பிறகு மூன்றாவது வகை ஒன்று சேரும். முதுகிறகு ஒவ்வொன்றுக்கும் வெளிர் விளிம்பு இருந்து செதில் செதிலாகத் தெரிந்தால், மார்பில் இளம் பழுப்புச் சாயல் படர்ந்திருந்தால், அது அந்த ஆண்டு பிறந்த குஞ்சு. மூன்றையும் ஒரே எண்ணிக்கையில் போட்டுவிடாமல் தனித்தனியாக எழுதுங்கள். பிரிக்க முடியாதவற்றை வயது தெரியவில்லை என்றே குறியுங்கள்.